புள்ளிகள்

"எல்லாம் போர்ட்டலில் இருக்கு" என்றாள்
வரவேற்பு மேசைப் பெண்.
அது வேறு கட்டிடமாக்கும் என்று
படியிறங்கி வெளியே வந்து
இடமும் வலமும் பார்த்தேன்.

பிறகு தபாலில் வந்தது குறியீடு.
பன்னிரண்டு எழுத்து, நடுவில் ஒரு வட்டம்.
ஓ எழுத்தா, பூச்சியமா?
மூன்று தரம் பூச்சியம் அடித்தேன்.
பூட்டிக்கொண்டது.
அடுத்த கடிதம் வரப் பத்து நாள்.
அதற்குள் மாதக் கடைசி,
கைத்தொலைபேசியில் போட்ட காசும் முடிந்தது.

வூப்பர்டாலில் ரயில் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்.
ஓபர்பார்மன் நிலையத்தில், ரொட்டிக்கடைச் சுவரோரம்
இலவச வைஃபை இரண்டு கோடு காட்டும்.
இரவு வேலைக்கு முன் அங்கே நின்றுதான்
என் இரத்தத்தைத் திறந்தேன்.

ஈரல்: உன்அவ்ஃபெலிக்.
மொழிபெயர்ப்பில் போட்டால்
'கண்ணில் படாதது' என்றது.
சிரிப்பு வந்தது.
பத்தொன்பது வருஷமாய் இந்த ஊரில்
நானும் அதுதானே.

அதற்குக் கீழே ஏழு, ஒன்பது.
புள்ளி வைக்கும் இடத்தில் கொமா வைக்கிற நாடு.
பக்கத்தில் அம்பு, மேல்நோக்கி, சிவப்பாய்.
பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு முப்பத்தொரு புள்ளி எடுத்தவன் நான்.
என் பெயருக்கு நேரே ஓர் எண் ஏறிக் கண்டதில்லை.
சிவப்பைக் குங்குமம் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

ஹோட்டல் சமையலறையில், சட்டி கழுவும் தொட்டியருகே
டனூட்டாவிடம் காட்டினேன்.
விருந்தில் மிஞ்சிய கேக் துண்டு என் மற்றக் கையில்.
நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினாள்,
போலிஷில் என்னவோ சொன்னாள்,
கேக்கைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள்.

"சீனி. மூன்று மாதத்துக் கணக்கு.
இது ஏறக்கூடாது, சிவகடாட்சம்."
எங்கள் இருவரின் ஜெர்மனையும் கூட்டினால்
ஒரு முழு ஜெர்மன் தேறாது.
அன்றைக்குத் தேறியது.

உனக்கும் போர்ட்டல் இருக்கா என்றேன்.
கடிதம் வந்ததாம். உடைக்கவில்லையாம்.
ஈரக் கையுறையைக் கழற்றி
விரல் நுனிகளை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.
எண்ணத் தொடங்கினேன்;
சட்டிகளைக் காட்டினாள்.

காலையில் நித்திரை கொள்ளாமல் போய்
வைத்தியரைப் பார்க்க நாள் கேட்டேன்.
"போர்ட்டலில் எடுக்கலாம்" என்றாள் அதே பெண்.
நான் நகரவில்லை.
பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது.
யாரோ செருமினார்கள், யாரோ மணி பார்த்தார்கள்.
எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு
நின்றேன்.