மாறிப்போன நீலப் பை

புவெர்த்தோ எஸ்கொந்திதோ பேருந்து நிலையத்தில்
நீலப் பை ஒன்றைத் தோளில் மாட்டி இறங்கினான் ஃபௌஸ்தோ.
அது அவனுடையதல்ல என்று தெரிய
எங்களுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

அதற்குள்
கூடாரத்தின் கம்பிகள் பச்சூக்காவில்
என் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருப்பது
நினைவுக்கு வந்தது.
துணியை மட்டும் மலையிலிருந்து சுமந்து வந்திருக்கிறேன்.
பிரிஹிதாவின் இடது செருப்பை
மசூந்தே நாயொன்று கவ்விப்போனது,
திரும்பி வந்து, வாலாட்டி,
வலதையும் கேட்டது.
பொதுப்பணத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக்
கால்சட்டைக்குள் வைத்துக் கடலாடினான் அன்செல்மோ.
உறையில் ஓட்டை.
பெசோ தாள்களை மணலில் பரப்பிக் கல் வைத்து
ஆளுக்கொரு மூலையில் காவல் இருந்தோம்.
பெலிக்கன்களுக்குப் பணத்தில் நாட்டமில்லை,
நல்லவேளை.

இரண்டாம் நாள் மாலை மாற்றுத்துணிக்காகப்
பையைத் திறந்தான் ஃபௌஸ்தோ.
வெள்ளை சாட்டின் அங்கி,
இரண்டு உள்ளங்கை அகலம்.
பொன்சரிகை இடைவார்.
கட்டைவிரல் நுழையாத காலணிகள்.
செய்தித்தாளில் சுற்றிய தகரக் கிரீடம்.

"யாரோ பச்சைக்குழந்தை. செத்துப்போன..."
"வாயைக் கழுவு, அன்செல்மோ" என்றாள் யுரீரியா.
"இன்றைக்கு என்ன தேதி?"

ஜனவரி முப்பத்தொன்று.
இரண்டாம் தேதி கந்தெலாரியா.
வீட்டுக் குழந்தை ஏசுவைத் தொட்டிலிலிருந்து தூக்கிப்
புத்தாடை உடுத்திக் கோயிலுக்கு ஏந்திப்போகும் நாள்.
எங்கேயோ ஒரு வீட்டில்
அவர் அம்மணமாகக் கிடக்கிறார்.

ஃபௌஸ்தோவின் முகத்தில் ஈயாடவில்லை.
காரணம் வேறு.
மூன்றரசர் திருநாளில் ரொட்டி வெட்டியபோது
உள்ளே ஒளித்த பொம்மை அவன் துண்டில் அகப்பட்டது.
அகப்பட்டவன் இரண்டாம் தேதி
எல்லோருக்கும் தமாலே போடவேண்டும்.
"கடலுக்குப் போகலாம், இந்த மாதக் கடைசியிலேயே" என்று
அத்தனை தாராளமாய் அவன் கிளப்பியது அதனால்தான்.
எங்களுக்குத் தெரியும்.
தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

தையல்காரியின் ரசீதில் ஒரு பெயர்: எர்குலானா.
ஒரு ஊர்: சக்காவா.

காயல் நடுவே படகில் பெட்ரோல் தீர்ந்தது.
"தீரும் என்று தெரியும்" என்றார் படகோட்டி,
"இங்கே தீரும் என்று தெரியாது."
கண்டல் வேர்களுக்கிடையில் ஒன்றரை மணி நேரம்.
கொசுக்கள் யுரீரியாவை மட்டும் விட்டுவைத்தன,
அதற்கும் ஒரு சண்டை.
இருட்டியது.
செருப்பில்லாத காலைத் தண்ணீரில் விட்டாள் பிரிஹிதா.
கால் ஒளிர்ந்தது.
எடுத்தாள், அணைந்தது.
விட்டாள்.
யாரும் கொசு அடிக்கவில்லை.

எர்குலானா வீட்டுக் கொடியில்
ஃபௌஸ்தோவின் மொத்த மானமும் காய்ந்துகொண்டிருந்தது,
ஆறு உள்ளாடைகள், துவைத்து, கவ்வி போட்டு,
ஒன்றில் ஆக்டோபஸ் படம்.
"பைக்குள் மீன் செத்திருக்கிறதென்று நினைத்தேன்" என்றாள்
அந்தக் கறுத்த, உயர்ந்த பெண்.
மேசைமேல் குழந்தை ஏசு
கழுத்துவரை பச்சூக்கா கால்பந்துச் சட்டையில்
சுற்றப்பட்டு, இரண்டு விரல் உயர்த்தி
ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்.
"நீங்கள் வராவிட்டால் இப்படியே தூக்கிப்போயிருப்பேன்.
கோல் போடுகிற முகம்தானே?"

இரண்டாம் தேதி விடிய
வாழையிலையில் பொதிந்த இறால் தமாலே, அவள் அவித்தது.
ஃபௌஸ்தோ விறகு சுமந்தான், இலை வாட்டினான்,
ஆவி பறக்கப் பறக்க எங்கள் தட்டில் எண்ணி வைத்தான்:
"கடன் தீர்ந்தது."
"மாவு யாருடையது?" என்றாள் யுரீரியா.
திரும்பும் பேருந்திலும் அது தீரவில்லை.

சட்டையை அவன் கேட்கவில்லை,
அவளும் தரவில்லை.
என் கூடாரத்துணியை இறால் உலர்த்த
வாங்கி வைத்துக்கொண்டாள்.
கம்பிகள் மட்டும்
இன்னும் என் கட்டிலுக்கடியில்.