ஏழாவது நிமிடம்

நடுவர்கள் மூவர். லெவல்கள் அறுபத்திரண்டு.
ஒன்றுக்கு இருபது நிமிடம் என்கிறது
போட்டி விதியின் நான்காம் பத்தி.
பிப்ரவரி. பிர்னோவில் டிராம் கம்பிகள்மேல்
பனி உட்கார்ந்தால் எழுந்திருக்க மறுக்கும் மாதம்.
ஆறிப்போன காபியோடு
நாற்பத்தொன்றாம் எண்ணைத் திறந்தேன்.

மருத்துவமனை ஒன்றின் அடித்தளம்.
சலவை அறைகள். குழாய் மூட்டுகளில் நீராவி.
விரிப்புகள் குவிந்த தள்ளுவண்டி,
அதில் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிடும்.
எதிரி இல்லை, ஆயுதம் இல்லை.
வண்டியை ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும்
யாரையும் எழுப்பாமல்.
அவ்வளவுதான் ஆட்டம்.

ஏழாவது நிமிடம்,
லிஃப்ட்டுக்கு இரண்டடி முன்னால்,
தரை என்னை ஏந்தவில்லை.

ஆட்டத்துக்குள் விழுவது பழக்கம்தான்.
ஆட்டத்தை விட்டே விழுவது வேறு.
அண்ணாந்து பார்த்தால்
பூச்சு காணாத சுவர்களின் முதுகு.
பக்கத்தில், யார் கண்ணுக்கும் என்று வைக்காத இருட்டில்,
படிக்கட்டுகள்.
எண்ணினேன். முப்பத்தேழு.
ஒன்றில் படிகள் முழங்கால் உயரம்.
ஒன்று சுவரில் போய் முட்டி நின்றது.
ஒன்றுக்குக் கைப்பிடி பாதிவரைதான்,
மறதியோ, தூக்கமோ.
மேலே நான் ஏறாமலே விட்ட
ஒரே ஒரு படிக்கட்டுக்காக
கட்டிக் கட்டி, பிடிக்காமல்,
அழிக்கவும் மனசு வராமல்
தரைக்கடியில் தள்ளி வைத்தவை.

மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
தொழில்நுட்பப் பிழைக்கு இருந்தது:
மூன்று குறைக்கவும்.
குறைத்தேன்.

பெயர்களை மறைத்துத்தான் தந்தார்கள்.
அதனாலேயே நியாயம் என்றார்கள்.
ஐந்தாம் எண்ணில்
மழை நனைத்த கல்லின் பளபளப்பைப் பார்த்ததுமே
ஒளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர்,
விழுந்து பார்ப்பதற்கென்றே சம்பளத்துக்கு நாலு பேர் என்று
தெரிந்துவிட்டது.
நல்ல லெவல். பொய் சொல்வானேன்,
அந்தப் பாலத்தில் இரண்டாம் முறையும் நடந்தேன்,
மதிப்பெண்ணுக்காக அல்ல.

பரிசும் அதற்கே.
"நானும் ஒரு காலத்தில்
படுக்கையறையில் கட்டியவன்தான்" என்றான் ராதிம், மேடையில்.
கைதட்டினோம். அதுவும் உண்மைதான்.
எல்லோருக்கும் ஒரே வாசல் என்றது பின்னால் தொங்கிய பதாகை.
வாசல் ஒன்றுதான்.
வாசல்வரை வரும் சாலையையும்
சிலர் தாமே போட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

பெயர்ப் பட்டியல் பிறகு வந்தது.
நாற்பத்தொன்று: ஹெட்விகா ஹ்ரூபா, ஒஸ்த்ராவா.
வேலை: மருத்துவமனைச் சலவை, இரவு ஷிஃப்ட்.
சோதித்துப் பார்த்தவர் என்ற இடத்தில்
'நானே'.

தான் கட்டிய வீட்டில்
யாரும் தடுக்கி விழுவதில்லை.

மனசு உறுத்தினால் மனிதன் கூட்டம் கூட்டுவான்.
அமெச்சூர்களுக்குத் தனிப் பிரிவு என்றேன்,
தனிக் கோப்பை, கொஞ்சம் சின்னதாக.
லிபுஷெ பேனாவை மூடினாள்:
"யார் அமெச்சூர் என்று எதை வைத்து அளப்பாய்?
சம்பளச் சீட்டையா, தூங்காத மணிகளையா?"
குறிப்பேட்டில் 'பரிசீலனையில்' என்று பதிவானது.

ஹெட்விகாவுக்கு மூன்று பத்தி எழுதினேன்.
நியாயம் என்ற சொல் அதில் ஐந்து முறை வந்தது.
ஒன்பது நாள் கழித்துப் பதில், ஒரே வரி:
"எந்த இடத்தில் விழுந்தீர்கள்?"

நேற்றிரவு மறுபடி திறந்தேன்,
இருபது நிமிடக் கணக்கு இல்லாமல்.
சக்கரம் கிறீச்சிட்டது.
லிஃப்ட்டுக்கு முன்னால் ஒவ்வொரு ஓடாக மிதித்தேன்,
இடது, வலது, சுவரோரம்.
தரை ஏந்தியது.
திரும்பிப் போய் வந்தேன். ஏந்தியது.
வண்டியோடு, வண்டி இல்லாமல்.
எழுத ஒரு இடமும் கிடைக்கவில்லை.

மணி இரண்டே காலுக்குத்தான் நினைவு வந்தது:
அன்றைக்கு நான்
ஓடிக்கொண்டிருந்தேன்.