எட்டு மணி நேரத்துக்கு ஒன்று

ஞாயிறு பின்னிரவு இரண்டே கால்.
கீழ்த்தாடையின் கடைசிப் பல்
தனக்கென்று ஒரு நாடித்துடிப்பு
வைத்துக்கொண்டிருந்தது.
பல் மருத்துவர் செவ்வாய்க்கிழமைதான் என்றிருந்தார்.
வீட்டில் மிச்சமிருந்த பனடால் இரண்டும்
பத்து மணிக்கே உள்ளே போயின,
என்ன செய்தனவோ.

குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் துழாவினேன்.
தைலம். காய்ந்துபோன களிம்பு.
யாருடையதென்று தெரியாத சவரக்கத்தி.
அதற்கும் பின்னால்
ஈரத்தில் உப்பிய ஒரு வெள்ளை உறை.

அந்தோணி சகாயம்.
ட்ராமடால், ஐம்பது மில்லிகிராம்.
எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, வலி இருந்தால்.
மொத்தம் இருபது.
தேதிக்கு ஏழு வயது.
எங்கே வலித்ததென்று சீட்டில் இல்லை.

ஈசூன் வீட்டின் நடு அறையில்
இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவர்.
செம்பவாங்கில் கப்பல் பட்டறை,
பளுதூக்கி ஓட்டுநர்.
ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை,
நோட்டுகளெல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி.
குளித்த பிறகு தரையைத் துடைத்துவிட்டுப் போவார்.
இதற்குமேல் அவரைப் பற்றி
எனக்குச் சொல்லத் தெரியாது.

உறைக்குள் இரண்டு அட்டை.
பத்தும் பத்தும்.
பச்சையும் மஞ்சளுமாய், வரிசை கலையாமல்.
ஒரு குமிழ்கூட உடைபடவில்லை.

பல் சொன்னது: போடு.
ஏழு வருடமென்றால் பாதி வீரியமாவது இருக்காதா,
பாதி வலி போனால் பாதித் தூக்கம் வராதா.
அந்த நேரத்தில் அது நல்ல கணக்காகத்தான் பட்டது.
கட்டைவிரலை ஒரு குமிழின்மேல் வைத்தேன்.

அட்டையின் முதுகில் மங்கலாய் ஓர் ஒட்டுச்சீட்டு:
தூக்கம் வரலாம்.
வந்தால் வாகனமோ இயந்திரமோ இயக்க வேண்டாம்.

நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
கொக்கியில் ஊசலாடும் இரும்புத் தகடு.
கீழே தலைக்கவசங்கள்.
பன்னிரண்டு மணி நேர ஷிப்டில்
எட்டு மணிக்கு ஒன்று எங்கே நுழையும்?
இரவில் போட்டால் விடியலில் கண் தெளியாதென்று
பயந்திருப்பார்.
இல்லை, வாங்கி வைத்துவிட்டு மறந்தாரோ.
எனக்கென்ன தெரியும்.

ஒன்று தெரியும்.
கடைசி சில மாதங்கள் அவர்
சமையலறை மேடையோரம் நின்றுகொண்டேதான் சாப்பிட்டார்.
உட்காருங்களேன் என்பேன்.
பரவாயில்லை அக்கா என்பார்.
கூச்சமென்று நினைத்திருந்தேன்.

கட்டைவிரலை எடுத்துவிட்டேன்.
வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்து,
முதல் பேருந்து கீழே மூச்சுவிடும்வரை
தாழ்வாரத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மருந்தகத்தில் நூர் ஹாஸ்லிண்டா
உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
எங்கே வைத்திருந்தீர்கள்?
குளியலறையில்.
புருவம் சுருங்கியது.
இந்த ஊர்க் காற்றே ஈரம்,
அதோடு வெந்நீர் ஆவி வேறா என்றார்.
இதில் வீரியம் எவ்வளவு மிச்சமென்று
யாராலும் சொல்ல முடியாது.
முதலில், பெயர் உங்களுடையதே இல்லை.
பெயரை அடித்துவிடுங்கள்,
கோப்பிச் சக்கையோடு கலந்து
பையில் கட்டிப் போடுங்கள்.
பிறகு என் வீங்கிய கன்னத்தைப் பார்த்து
வேறொன்று தந்தார்,
சாப்பாட்டுக்குப் பின், மூன்று நாளைக்கு.

சாயங்காலம் சமையலறையில்
ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
பட்.
எட்டு மணி நேரம்.
பட்.
இன்னொரு எட்டு.
இருபதையும் கூட்டினால்
ஒரு வாரத்துக்குச் சற்றுக் குறைவு.
கடைசி இரண்டும் வரவில்லை,
உருகித் தகட்டோடு ஒட்டியிருந்தன.
கரண்டிக் காம்பால் கீறி எடுத்தேன்.

கறுப்பு மை கிடைக்கவில்லை.
சிவப்புப் பேனாவால் பெயரை அடித்தேன்,
தேர்வுத்தாளில் தப்பைச் சுழிப்பதுபோல ஆகிவிட்டது.

குப்பைக் குழாயில் பையைவிட்டு
ஒன்பது மாடி இறங்கி விழும் சத்தத்துக்குக்
காது கொடுத்து நின்றேன்.
கேட்கவில்லை.
மேலே யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

பல் கொஞ்சம் பரவாயில்லை.
நாளை செவ்வாய்.