ஊறட்டும்

வான்கோழி இறைச்சி, அரைத்தது, நானூறு கிராம்.
மேலே செம்மஞ்சள் சீட்டு:
பாதி விலை, இன்றே கடைசி நாள்.
நாங்கள் கதைக்காமல் விட்டு
மூன்று நாள் ஆனது
அந்தப் பெட்டிக்குத் தெரியாது.
கதைத்தாலும் கதைக்காவிட்டாலும்
இன்றிரவு இது வேக வேண்டும்.

ஓல்ட்டனில் நவம்பர் என்றால் புகார்தான்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறி
நாலாம் மாடிவரை நிற்கிறது.
எதிர்வீட்டு யன்னலைக் காணவில்லை.
ஸ்டேசனையும் காணவில்லை, அறிவிப்புக் குரல் மட்டும் வருகிறது:
எந்த ரயிலோ ஆறு நிமிடம் பிந்துமாம்.

நான் வந்தது ஐந்தரை.
ஆறேகாலுக்கு அவர் இறங்க வேண்டும்,
பொதி பிரிக்கிற மண்டபத்தில் விடியும்வரை வேலை.
இடையில் எங்களுக்கு இருப்பது
முக்கால் மணித்தியாலம்,
ஒரு தாச்சி.

எண்ணெய், பெருஞ்சீரகம், வெங்காயம்.
வெங்காயத்துக்கு அழுதால் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை,
ஆனாலும் அழவில்லை.
இறைச்சி விழுந்தது
யந்திரத்தின் துளைகளை மறக்காமல் நூல் நூலாய்.
அகப்பையால் குத்தி உதிர்த்தேன்.
தேவைக்குக் கொஞ்சம் கூடவே குத்தினேன்.

முழுக்கோழி என்றால்
ஒரு கால் அவர் கோப்பைக்குப் போய்விடும்,
கேட்காமலே, பதினொரு வருசமாய்.
கோபமென்றால் கழுத்தெலும்பைப் போடலாம்,
அவருக்கு விளங்கும்.
அரைத்ததில் கால் எது, கழுத்து எது?
கோபத்தைக் காட்ட ஒரு துண்டுகூட இல்லை.

அண்ணனுக்கு இரண்டாயிரம் பிராங்க் அனுப்பியிருக்கிறார்.
எனக்குத் தெரிய வந்தது
வதனி அக்கா போட்ட நன்றிச் செய்தியில்,
இரண்டு பூவும் ஒரு கும்பிடும் சேர்த்து.

லீக்ஸின் மடிப்புக்குள் மண்.
கழுவினேன், திரும்பவும் கழுவினேன்.
கரட், அரைவாசிக் கோவா, ஒரு சிவப்புக் குடமிளகாய்,
தாச்சி கொள்ளாது போலிருந்தது.
மூடி போட்டு நாலு நிமிடம்,
எல்லாம் அடங்கிவிட்டது,
மரக்கறி மட்டும்.
தூள் போட்டு, நேற்றைய சோற்றையும் கொட்டிப் பிரட்டினேன்.

கோப்பைகள் எல்லாம் தொட்டிக்குள்.
கழுவுகிற முறை அவருடையது.
அவர் கழுவவில்லை,
நான் கழுவுவேனா?

ஜாக்கெட்டோடு குசினிக்குள் வந்தார்.
தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
லாச்சியில் மிஞ்சியிருந்தவை இரண்டு கரண்டி,
ஒன்று தேத்தண்ணிக் கரண்டி.
அதை அவர் எடுத்தார்.

அடுப்படியிலேயே நின்று தின்றோம்,
நான் இடப்பக்கம், அவர் வலப்பக்கம்.
கோடு போட்டது யாருமில்லை,
என்றாலும் நடுவில் ஒரு வரப்பு
கோவாவும் சோறுமாய் உயர்ந்து நின்றது.
சின்னக் கரண்டி அவசரப்பட்டது.
அடிப்பிடித்ததைச் சுரண்டுகிற சத்தம்.
அது எனக்கும் விருப்பமென்று
அவருக்குத் தெரியும்,
சுரண்டியதில் பாதியை
வரப்புக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

பிறகு சொன்னார்:
“உப்புக் காணாது.”

உண்மைதான். நான் உப்பே போடவில்லை.
“போத்தல் உங்கட பக்கம்தான் இருக்கு,”
என்றேன்.

ஆறு பதின்மூன்று.
இரண்டாயிரத்தைப் பற்றி
ஒரு சொல்லும் இல்லை.
கதவு சாத்தியது, லிப்ட் இறங்கியது,
புகார் அவரை வாங்கிக்கொண்டது.

முகம் கழுவி வந்து பார்த்தேன்.
தாச்சிக்குள் சுடுதண்ணி நிரப்பி
அடுப்பிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
கழுவவில்லை.
ஊறட்டும் என்று.