கூட்டல் ஏழு

அச்சாவோவில் மழை விடாத ஆகஸ்ட்.
மட்டி பொறுக்கப் போகிறவர்களுக்காக
ஒரு நிரல் எழுதினாள் எதெல்மிரா வென்சூர்.
கடல் எப்போது வற்றும்,
மணல் எவ்வளவு நேரம் வெறுமையாய்க் கிடக்கும்,
எப்போது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும்,
அவ்வளவுதான் அது சொல்லும்.

பகலில் படகு எஞ்சின் பிரிக்கிறவள்.
கிரீஸ் விரல் பட்டுப் பட்டு
விசைப்பலகையில் பாதி எழுத்து அழிந்திருந்தது.

நானூறு வரி. அழகில்லாத நானூறு.
ஒரு மாறிக்குச் செத்துப்போன நாயின் பெயர்.
ஒன்றுக்குப் 'பிறகு', இன்னொன்றுக்குப் 'பிறகு2'.
இருநூற்றுப் பதினொன்றாம் வரியில்
கூட்டல் ஏழு.
பக்கத்திலேயே ஒரு குறிப்பு:
'இந்த ஏழை எடுத்தால் எல்லாம் தப்பாகிறது.
ஏன் என்று தெரியவில்லை.
ராத்திரி மூன்று மணி. தொடாதே.'

உலகத்தின் முன் அதை வைக்குமுன்
நாயின் பெயரை மாற்றினாள்.
மறுபடி மாற்றினாள், பழையபடிக்கே.
உரிமம் என்ன என்று கேட்ட இடத்தில்
யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.
யார் வரப்போகிறார்கள்
கின்ச்சாவ் தீவின் வற்றத்தைத் திருட?

ஐந்து மாதம் ஒருவரும் வரவில்லை.
ஆறாம் மாதம் எஸ்தோனியாவிலிருந்து
ஐவோ பிக்லாக் என்றொருவர்,
இயந்திரம் பெயர்த்த தட்டுத்தடுமாறும் ஸ்பானியத்தில்:

'எங்கள் கடல் ஏறுவதுமில்லை, வற்றுவதுமில்லை.
காற்று தள்ளினால் கொஞ்சம் நகரும்.
எனக்கு இது எதற்கும் உதவாது.
மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன்.
உங்கள் சூத்திரம் சரி. நிலவும் சரி.
நீங்கள் அளந்த நேரங்கள்தான்
எல்லாமே ஏழு நிமிடம் பிந்தியிருக்கின்றன.
மன்னிக்கவும்,
எந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தீர்கள்?'

எதெல்மிரா தலை நிமிர்ந்தாள்.

சமையலறைச் சுவரில் மஞ்சள் கடிகாரம்.
தினமும் படகைத் தவறவிடும் நெஸ்தோர்
தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள
முன்னே தள்ளிவைத்த முள்.
அவன் போய் நாலு வருஷம்.
சாகவில்லை;
புந்தா அரேனாசில் ஒருத்தியோடு சௌக்கியமாக இருக்கிறான்.
அவன் ஏழு மட்டும் இங்கேயே தங்கி,
சுவரிலிருந்து இறங்கி நோட்டுக்குப் போய்,
நோட்டிலிருந்து நிரலுக்குப் போய்,
அங்கிருந்து
ஊர்க்காரர்களின் முழங்கால் வரை போயிருக்கிறது.
கால் நனைந்தது என்றவர்களிடமெல்லாம்
பூட்ஸ் ஓட்டை என்று சொல்லியிருக்கிறாள்.

ஐவோ ஓர் ஒட்டு அனுப்பியிருந்தார்.
கூட்டல் ஏழு அடிபட்டிருந்தது.
குறிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தார்.
'அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.'

ஒட்டை ஏற்கும்போது சின்னப் பெட்டி ஒன்று கேட்டது:
ஏன் இந்த மாற்றம்?
நெஸ்தோர் என்று அடித்தாள். அழித்தாள்.
கடிகாரம் என்று அடித்தாள்.

பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி
அதன் முகத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள்.
முள்ளைத் தொடவில்லை.

சுவரில் ஆறு நாற்பது.
கடலில் ஆறு முப்பத்துமூன்று.