நோட்டீஸின் கீழ்ப்பாதி

டில்லிபாபுவின் பழைய நோட்டீஸைப் பார்த்ததும்
எனக்குச் சிரிப்புதான் வந்தது.
ரோஸ் தாள். ஒற்றை மை.
"கேஸ் அடுப்பு ரிப்பேர" என்று
கடைசி எழுத்தில் புள்ளி இல்லாமல்.
அதற்குக் கீழே ஒரு போன் நம்பர்,
நம்பருக்குக் கீழே பாதித்தாள்
மழை நின்ற மொட்டை மாடி போல வெறுமனே.

"அச்சுக்காரர் மறந்துட்டாரா?"
"இருக்கும். ஆனா மாசம் நாப்பது போன் வருதும்மா."
நாற்பதை நான் காதில் வாங்கவில்லை.

வழவழத் தாள் எடுத்தேன். நான்கு நிறம்.
கீழ்ப்பாதியில் ஒரு நீலச் சுடர்,
இதழ் இதழாக,
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
நகராமல் உறுமிக்கொண்டிருந்த ராத்திரி முழுக்க
உட்கார்ந்து வரைந்தது.
இரண்டாயிரம் பிரதி.
தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேடு வரை
பேப்பர் பையன்கள் செருகிப் போட்டார்கள்.

அந்த மாதம் பதினொரு போன்.
அதில் இரண்டு ராங் நம்பர்.

"படம் சோக்காத்தான் கீதும்மா"
என்றார் டில்லிபாபு.
திட்டியிருந்தால் தேவலை.

சுடரைப் பெரிதாக்கினேன். ஒன்பது.
மஞ்சள் நட்சத்திரத்துக்குள் 'தள்ளுபடி' போட்டேன்.
ஏழு.
எழுத்துருவை மாற்றினேன்.
அதைச் சொல்ல வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை
அவர் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டேன்,
மடியில் ஸ்பேனர் பை.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயிலின் நாற்பத்தாறு பெட்டிகளையும்
எண்ணினேன்.
வேறு வேலை இல்லாதவள் எண்ணுவதுபோல.

நாகூரான் தோட்டம், இரண்டாவது மாடி,
சகாயமேரியின் சமையல்கட்டு.
அவர் பர்னரைக் கழற்ற,
நான் சுவரைப் பார்த்தேன்.
சிலிண்டருக்கு நேர் மேலே
சோற்றுப் பருக்கையால் ஒட்டிய
ரோஸ் தாள்.

கீழ்ப்பாதி காலியில்லை.
ஜனவரி 9. மார்ச் 2.
ஏப்ரல் 11, பக்கத்திலேயே
'வில்சன் லீவுல வந்தான், சீக்கிரம் தீந்துச்சு'.
நீல மை, பச்சை மை,
ஜூன் மாதம் மட்டும் கண்மை பென்சிலில்.

"சிலிண்டர் மாத்துன தேதிமா.
எழுத எடம் கீதுல்ல, அதான் கிழிக்கல."
"புதுசு ஒண்ணு வந்துச்சே?"
"அதுவா. அதுல பேனா வழுக்குது.
நல்ல கெட்டித் தாள்,
அலமாரில விரிச்சிருக்கேன், பாரு."
என் நீலச் சுடரின் மேல்
புளி டப்பா உட்கார்ந்திருந்தது.

நூர்ஜஹான் வீட்டு ரோஸ் தாளில் பால் கணக்கு.
எதிர்வீட்டில் தண்ணி லாரிக்காரர் நம்பர்,
டில்லிபாபுவின் நம்பரைவிடப் பெரிதாக.
"இத்தினி வருஷமா இந்த வீட்டுக்கு வந்து போறேன்,
நானே பாக்கல" என்றார் அவர்,
கையில் இருந்த கரியைப் பேன்ட்டில் துடைத்தபடி.

அன்று ராத்திரி பழைய கோப்பைத் திறந்தேன்.
ரோஸ் அப்படியே. ஒற்றை மை அப்படியே.
வெறும் பாதியில் பன்னிரண்டு கோடுகள்.
மேலே சின்னதாக, சகாயமேரி சொன்ன சொல்லிலேயே,
'சிலிண்டர் மாத்துன தேதி'.
அவ்வளவுதான்.
மூலையில் ஒரே ஒரு தீப்பொறியாவது வைக்கலாமா என்று
சுண்டுவிரல் கெஞ்சியது.
கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான்
அதைத் தூங்கவைத்தேன்.

ஐம்பத்துமூன்று போன்.
அடுத்த மாதம் ஐம்பத்தொன்று,
அடை மழை என்று வைத்துக்கொள்ளலாம்.

"அடுத்த தபா இன்னா மாத்தலாம்?"
இப்போதெல்லாம் அவர்தான் கேட்கிறார்.
பருக்கை காய்ந்தால் தாள் விழுந்துவிடுகிறதாம்,
மூன்று வீடுகளில் சொன்னார்கள்.
மேலே நடுவில் ஓர் ஓட்டை,
ஆணி நுழைகிற அளவுக்கு.
இந்த முறை அது மட்டும்.

'ரிப்பேர' இன்னும் புள்ளியில்லாமல்தான் போகிறது.
அதற்காக யாரும் போன் செய்ததில்லை.
எனக்குத்தான், ஒவ்வொரு முறை அச்சுக்கு அனுப்பும்போதும்,
கை ஒரு நொடி அதன் தலைக்கு மேலே நிற்கிறது.