41,206க்கும் 41,207க்கும் நடுவில்

தரமணி ஆய்வகத்தில்
எங்கள் கணினிகளுக்குப் பறக்கும் ரயில் நிலையங்களின்
பெயர் வைத்தது நான்தான்.
மந்தைவெளி ஒழுங்காக ஓடும்.
பெருங்குடிக்கு அடிக்கடி சூடு ஏறும்.
ஏசி பார்க்கும் இக்பால் வந்து
அதன் முதுகில் புறங்கை வைத்து
"ஜுரம்தான் மேடம்" என்பார்.

உள்ளே ஒரு புரதம்,
சுற்றிலும் தண்ணீர்.
புரதத்துக்கு ஒரு மூடி.
மூடி திறந்தால் மருந்து நுழையும்.
திறக்கிற வழியைக் காணோம்.

ஃபெம்டோ விநாடிகளாக எண்ணுகிறோம்.
பெருங்குடியின் வேகத்தில்
ஒரே ஒரு விநாடியை எண்ணி முடிக்கப்
பதினாறாயிரம் வருஷம்
கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.
மின்வாரியம் ஒத்துக்கொள்ளாது.

அது சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது.
டைடல் பார்க் சிக்னலில்
எஞ்சினை அணைக்காத ஷேர் ஆட்டோ மாதிரி
கம்பியெல்லாம் அதிர அதிர
நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தபிதா சொன்னாள்:
குழியில் கிடக்கிறது, மண்ணைக் கொட்டு.
அது போய் நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு பிடி.
குழி மேடானால் தானே வழிந்து வெளியே வரும்.
கொட்டின மண்ணைப் பிறகு கணக்கில் கழித்துக்கொள்.

கொட்டினோம்.
நாலே நாளில் திறந்தது.
மேட்டின் உயரம் கிடைத்தது, கட்டுரையும் வந்தது.
எனக்கு மட்டும் உறுத்தல்.
அத்தனை மண்ணைக் கொட்டினால்
எதுதான் திறக்காது?
தள்ளாமல் அது எப்படித் திறக்கும் என்பதல்லவா கேள்வி.

அதனால் பெருங்குடியை மட்டும்
அதன் போக்கில் விட்டு வைத்தேன்.
எட்டு மாதம்.

கார்த்திகையில் புயல் கரையேறிய மறுநாள்
முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பார்க்கிறேன்:
41,206ஆம் படத்தில் மூடி இருக்கிறது.
41,207இல் திறந்திருக்கிறது.

வட்டில் இடமில்லை என்று
நானோ விநாடிக்கு ஒரு படம்தான் சேமித்திருந்தோம்.
நாற்பத்தோராயிரம் படம் நெடுக நடுங்கியது,
இரண்டு படத்துக்கு இடையில்
காரியத்தை முடித்துவிட்டது.
காத்திருந்ததுதான் அத்தனையும்.
கடந்தது ஒன்றுமே இல்லை.

திரும்பிப் போய்
அந்த இடைவெளிக்குள் உச்சியைத் தேடினேன்.
ஒரு நிலையை எடுத்து
அணுக்களின் வேகத்தைக் குலுக்கிப் போட்டு
நூறு முறை ஓடவிடுவது.
ஐம்பது மூடி, ஐம்பது திறந்தால்
அதுதான் உச்சி.
எழுபத்தொன்று. முப்பது. அறுபத்துநாலு.
பதினேழாம் நாள் ஐம்பத்திரண்டு வந்தது.
அந்த இடத்தில்
ஒரு நீர் மூலக்கூறு விலகிக்கொண்டிருந்தது.
அவ்வளவுதான்,
உள்ளே வந்தவர்களுக்கு வழிவிட்டு
வாசல்படியில் ஒதுங்குகிறவர் மாதிரி.

அன்று சாயங்காலம்
கேட்டுக்கு வெளியே டீக்கடையில்
என் தம்பி தயாளன் நின்றிருந்தான்.
வியாசர்பாடி வீட்டுப் பத்திரத்தில்
நான் கையெழுத்துப் போடாமல் வந்து ஆறு வருஷம்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
"கையெழுத்துக்கு வரல, சும்மாதான்" என்றான்.

மாமா மண்ணைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்.
பெரியம்மா, அவன் மனைவி, ஒரு வக்கீல்,
யாருக்கும் வழியாதவன்.

மத்திய கைலாஷில் சிவப்பு விழுந்திருந்தால்
திரும்பிப் போயிருப்பானோ.
வண்டி ஒரு நிமிஷம் கிளம்பாமல் அடம்பிடித்திருந்தால்.
நான் பக்கத்து வாசலால் வெளியேறியிருந்தால்.
நூறு முறை ஓடவிட்டுப் பார்க்க
இவனுக்கு ஆரம்பக் கோப்பு இல்லை.
என்ன விலகியது என்று
கேட்கவும் இல்லை.

இரண்டு டீ சொன்னேன்.
"எனக்கு சர்க்கரை வேணாம்ணே" என்றான் கடைக்காரரிடம்.
டீயில் மூன்று ஸ்பூன் போட்டுக் குடித்தவன்.
எப்போதிருந்து?

போன் அடித்தது. இக்பால்.
பெருங்குடிக்கு மறுபடி ஜுரமாம்.
வருகிறேன் என்றேன்,
கொஞ்சம் நேரம் ஆகும்.